புவோன் வியாஜ்ஜோ!

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த மிலான் நகரத்துக்காரர்கள் இருவர் அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார்கள். வாழ்த்து அட்டையில் ‘போன் வோயாஜ்’ என்று அச்சடிக்கப் போகிறோம். அது இத்தாலியன் இல்லை என்கிறார் ஒருவர். எப்படியும் சம்பிரதாயம்தானே, எதை எழுதினால் என்ன?

பதில்: அவர் சொல்வது சரி, அது பிரெஞ்சு. ஆனால் ‘சம்பிரதாயம்தானே’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தாலிக்காரர்கள் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வாழ்த்துகிறவர்கள். கிளம்பும்போது ‘புவோன் வியாஜ்ஜோ’. விடுமுறைக்குப் போகிறவர் என்றால் ‘புவோனே வகான்ட்ஸே’. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ பண்டிகையை ஒட்டி ஊரே கடையைச் சாத்திக்கொண்டு கடலுக்கும் மலைக்கும் கிளம்பும்போது காபிக் கடையிலும் மாடிப்படியிலும் இதுதான் கேட்கும். ரயிலில் எதிர் சீட்டில் கூடவே வந்தவர் நடுவழியில் இறங்கும்போது, மேலே போகிறவர்களைப் பார்த்து ‘புவோன் ப்ரொசெகுய்மெந்தோ’ என்பார், மிச்சப் பயணமும் நல்லபடியாக அமையட்டும் என்று. தன் ஊர் வந்துவிட்டாலும் உங்களுக்கு இன்னும் தூரம் இருக்கிறதே என்று நினைத்துச் சொல்வது அது. இதைப் போய் வெறும் சடங்கு என்றால் எப்படி?

வீடு திரும்புகிறவர்களுக்கு ‘புவோன் ரியென்த்ரோ’. உங்கள் நண்பர்களுக்குப் பொருத்தமானது இதுதான்.

இணையத்தில் தேடினால் ‘இன் போக்கா அல் லூப்போ’ என்றும் வரும். ஓநாயின் வாய்க்குள் போ என்று அர்த்தம், ‘கிரேப்பி’ என்று பதில் சொல்வார்கள், ஓநாய் சாகட்டும் என்று. பரீட்சைக்கோ மேடைக்கோ புது வேலைக்கோ போகிறவருக்குத்தான் அதைச் சொல்வது. ஊர் திரும்புகிறவருக்கு வேண்டாம்.

அப்புறம், மரியாதையும் உண்டு. நெருங்கிய ஒருவர் என்றால் ‘ஃபாய் புவோன் வியாஜ்ஜோ’, பெரியவர் என்றால் ‘ஃபாச்சா’, உங்களைப் போல இரண்டு பேரை அனுப்புகிறவர்கள் ‘ஃபாத்தே’. நாம் நீ, நீங்கள் பார்த்துப் பேசுகிற மாதிரிதான். செவ்வாயும் வெள்ளியும் கல்யாணம் பண்ணாதே, பயணம் கிளம்பாதே என்று அவர்களிடமும் ஒரு பழமொழி உண்டு. டிக்கெட் எந்தக் கிழமை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வளரும்.

அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லையே, மாற்றிவிடுங்கள்: ‘ஃபாத்தே புவோன் வியாஜ்ஜோ, எ புவோன் ரியென்த்ரோ!’ இத்தாலிய எழுத்திலேயே, அச்சாக இல்லாமல் கையால் எழுதி, கீழே எல்லோரும் தமிழில் கையெழுத்துப் போடுங்கள்.