பெரிய குண்டு தொலைவுக்குப் போகும். சொன்ன இடத்துக்குப் போகுமா?

தாங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இலக்கைச் சுட 0.50 கலிபர் (குழலின் வாயளவு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்) போன்ற பெரிய துப்பாக்கிதான் வேண்டுமா, குண்டு பெரிதானால் குறியும் துல்லியமாகிவிடுமா? முதல் பாதிக்கு ‘பெரும்பாலும் உதவும்’ என்றும் இரண்டாம் பாதிக்கு ‘ஆகாது’ என்றும் சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்குக் கீழே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்தபின் அப்படிப் போக மனம் வரவில்லை. கைப்பேசி விளையாட்டில் மட்டுமே துப்பாக்கியைத் தூக்கியவர்கள் எழுதியவை அவை என்பது இரண்டு வரிகளிலேயே தெரிந்துவிடுகிறது. தாங்களும் அந்த விளையாட்டிலிருந்துதான் இந்தக் கேள்விக்கு வந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அதில் தவறொன்றும் இல்லை. என் அண்ணன் மகனும், “சித்தப்பா, அம்பது கலிபர்னா சும்மாவா?” என்றுதான் தொடங்குவான்.

நான் காலாட்படையில் பணியாற்றி, அதில் பல ஆண்டுகள் ஆயுதப் பயிற்சி அளிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தென்னந்தோப்பில் இருக்கிறேன். பொறியியல் படித்தவன் இல்லை. ஆகவே கணக்குகளைச் சுடுதளத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அளவிலேயே சொல்கிறேன். இதைவிட நுணுக்கமாகத் தெரிந்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

பெரிய குண்டுக்கு உள்ள உண்மையான நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே வடிவமுள்ள குண்டு ஒன்றை எல்லாப் பக்கமும் இரு மடங்காகப் பெரிதாக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிறது. காற்றை எதிர்கொள்ளும் முகப்பின் பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது. அதாவது, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் முகப்புக்கும் பின்னால் இருந்து தள்ளும் எடை இரண்டு மடங்காகிறது. காற்று அதன் வேகத்தைப் பறிப்பதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பெரிய குண்டு தொலைவுக்குப் போவதன் அடிப்படைக் காரணம் இதுவே. வெடிமருந்தின் அளவும் வெடிச்சத்தமும் இதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் ‘ஒரே வடிவமுள்ள’ என்று மேலே சொன்னதைக் கவனியுங்கள். 12.7 மில்லிமீட்டர் தோட்டா (கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது) முதல் உலகப்போர்க் காலத்தில் ஜான் பிரௌனிங் என்பவர் கனரக இயந்திரத் துப்பாக்கிக்காக உருவாக்கத் தொடங்கியது. அதற்கென இன்றும் தயாராகும் சாதாரணக் குண்டு ஏறத்தாழ 43 கிராம் எடையுள்ளது. .338 லபுவா மேக்னம் என்னும் 8.6 மில்லிமீட்டர் தோட்டா 1980களில் தொலைதூரக் குறிபார்ப்பவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதன் 300 கிரெயின் (குண்டின் எடைக்கான சிறிய அலகு) போட்டிக் குண்டு, அதாவது துல்லியச் சுடும் போட்டிகளுக்கான குண்டு, 20 கிராமுக்கும் சற்றுக் குறைவுதான். காற்றின் தடையை ஒரு குண்டு எவ்வளவு சமாளிக்கிறது என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு; எண் கூடினால் தடை குறைவு என்று பொருள். மேற்சொன்ன பெரிய குண்டுக்கு அந்த எண் 0.7க்குக் கீழே, அதன் எடையில் பாதிகூட இல்லாத 8.6 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.76க்கு மேலே. நீண்ட கூர்முனையும், படகின் பின்புறம்போல் குறுகிச் செல்லும் வாலும் செய்யும் வேலை அது. அதே 0.50 கலிபரிலும் 750 கிரெயின் போட்டிக் குண்டை வைத்தால் எண் 1ஐத் தாண்டிவிடும். ஆகவே துப்பாக்கியின் வாயளவை மட்டும் கேட்பவருக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. எந்தக் குண்டு என்று முதலில் சொல்லுங்கள் என்றே கேட்பேன்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலை ‘வித்வம்சக்’ என்ற கனரகத் துப்பாக்கியைச் செய்கிறது. குழலை மாற்றி 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுகளில் அதைப் பயன்படுத்தலாம். 12.7 மில்லிமீட்டரில் அதன் பயன்தொலைவு 1,800 மீட்டர் என்றும், மூன்றிலும் பெரியதான 20 மில்லிமீட்டரில் 1,300 மீட்டர் என்றும் குறிப்பிடுகிறார்கள். 20 மில்லிமீட்டர்த் தோட்டாவின் பித்தளைக் கூடு குட்டையானது, குண்டு தடித்தது, புறப்படும் வேகம் குறைவு. அது வாகனத்தையும் கருவிகளையும் சிதைப்பதற்காக வைத்திருப்பது. தொலைவில் ஓர் ஆணித்தலையை அடிப்பதற்கு அதை யாரும் எடுப்பதில்லை.

இனி, இந்தப் பதிலை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். ராஜஸ்தானில் பாலைவனத்தை ஒட்டிய சுடுதளம் ஒன்றில் எங்களுக்குக் குறிபார்ப்பவர் பயிற்சி நடந்தது. கையில் இருந்தது டிராகுனோவ் என்னும் 7.62 மில்லிமீட்டர் குறிபார்ப்புத் துப்பாக்கி. புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர், இந்தச் சிறிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது, பெரிய அளவு வந்தால்தானே துல்லியம் வரும் என்று சலித்துக்கொண்டார். எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி ஆசிரியர், கட்வால் பகுதியைச் சேர்ந்த முதிய சுபேதார். அதிகாரிகளிடம் எதிர்வாதம் செய்யும் வழக்கமில்லாதவர். அவர் இரண்டு பெட்டித் தோட்டாக்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்று இயந்திரத் துப்பாக்கிக்காகச் செய்த பொதுத் தோட்டா. மற்றொன்று குறிபார்ப்பவர்களுக்கென்றே தனியாகச் செய்தது. அளவு ஒன்று, துப்பாக்கி ஒன்று, சுடுபவரும் ஒருவரே. 600 மீட்டரில் முதல் பெட்டியின் குண்டுகள் ஒரு முழ அகலத்துக்குச் சிதறி விழுந்தன. இரண்டாம் பெட்டியின் குண்டுகள் ஒரு சாணுக்குள் அடங்கின. உஸ்தாத் இரண்டு தாள்களையும் அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

முழத்துக்கும் சாணுக்கும் இடையில் நடந்தது என்ன என்று கேட்டால், பெரும்பகுதி தொழிற்சாலையில் நடந்தது. குண்டின் எடைமையம் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், அது ஒழுங்காகச் செதுக்காத பம்பரத்தைப்போல் தள்ளாடிக்கொண்டே செல்லும். மருந்தின் அளவு ஒவ்வொரு தோட்டாவிலும் சற்றே மாறினால் புறப்படும் வேகம் மாறும். 1000 கெஜத் தொலைவில், அதாவது 914 மீட்டரில், 7.62 மில்லிமீட்டர் குண்டு குழல் காட்டும் கோட்டிலிருந்து 10 மீட்டருக்கு மேல் கீழிறங்கியிருக்கும். அங்கே விநாடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு என்பது இலக்கில் ஏறத்தாழ ஓர் அடி மேலோ கீழோ ஆகிறது. இந்தக் குறைகள் எந்த அளவுத் தோட்டாவுக்கும் பொதுவானவை. பெரிய தோட்டாவில் இவற்றோடு உதையும் வெடியதிர்வும் கூடிச் சுடுபவரையே கெடுக்கும். அடுத்த வெடிக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் வீரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதே நாள் பிற்பகல் காற்று எழுந்தது. சுடுதளத்தில் அருகே, நடுவே, இலக்கின் பக்கத்தில் என்று மூன்று இடங்களில் கொடிகள் நட்டிருந்தோம். மூன்றும் மூன்று விதமாக ஆடின. எந்தக் கொடியை நம்புவது என்று உஸ்தாத் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெரும்பாலானோர் இலக்கின் பக்கத்துக் கொடியையே காட்டினார்கள். நான் அருகே இருந்த கொடியையும், தொலைநோக்கியில் தெரிந்த கானலின் சாய்வையும் சேர்த்துச் சொன்னேன். குண்டைத் தொடக்கத்திலேயே திருப்பிவிடும் காற்றினால் உண்டாகும் கோணம் இலக்கு வரைக்கும் விரிந்துகொண்டே போகும். கடைசியில் திருப்பும் காற்றுக்கு அவ்வளவு இடம் இல்லை. கானல் நேராகக் கொதித்து எழுந்தால் பக்கக் காற்று இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் காற்றும் அந்தப் பக்கம். ‘மதராசி, உனக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?’ என்று உஸ்தாத் இந்தியில் கேட்டார். பாலக்காட்டுக் கணவாயில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றேன்.

அது வாய்த்துடுக்குதான், ஆனால் பொய்யன்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் வாய்பிளந்து நிற்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் காற்று அந்த வழியாகவே புகுந்து போகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மற்ற ஊர்க்காரர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஓட்டுக்கூரை போட்டவர்கள் அதைச் செலவுக் கணக்காகச் சொல்வார்கள். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பனையோலை சலசலக்கும் காற்று எது, தென்னை மட்டை முழுவதும் ஒரு பக்கம் திரும்பும் காற்று எது என்று சிறுவர்களுக்குத் தெரியும். அன்று சுடுதளத்தில் நான் சொன்ன திருத்தத்தை வைத்துச் சுடச் சொன்னார் உஸ்தாத், குண்டு இலக்கில் விழுந்தது. அவர் பாராட்டவில்லை. மறுநாள் முதல் தொலைநோக்கியின் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். நான் பயிற்சி அளிப்பவனானது அங்கிருந்துதான்.

காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. குண்டு இலக்கை அடைய உண்மையில் எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து, காற்றே இல்லாத வெற்றிடத்தில் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தைக் கழித்து, மீதியைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். 175 கிரெயின் எடையுள்ள 7.62 மில்லிமீட்டர் குண்டு 914 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1.7 விநாடி ஆகும், வெற்றிடத்தில் 1.16 விநாடி போதும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று வீசினால் ஏறத்தாழ 2.4 மீட்டர் விலகல் வருகிறது. அது எங்கள் ஊரில் துணி காயப்போடும் காற்று. அதே இடத்தில் நல்ல .338 குண்டு ஒன்றரை மீட்டருக்குள் நிற்கும். இந்தக் கணக்கில் குண்டின் பருமன் நேரடியாக எங்கும் வரவில்லை என்பதைப் பாருங்கள். வழியில் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பது மட்டுமே வருகிறது.

ஒலியின் வேகத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விநாடிக்கு 340 மீட்டரை ஒட்டி வேகம் இறங்கும்போது குண்டைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் இடம் மாறி, சில குண்டுகள் நிலைகுலைகின்றன. சாதாரண 7.62 மில்லிமீட்டர் குண்டுக்கு இது 800, 900 மீட்டரைத் தாண்டியதும் வந்துவிடும்; .338 குண்டுக்கு 1,400 மீட்டருக்கும் அப்பால் தள்ளிப்போகும். தாங்கள் கேட்ட ஒன்றரை கிலோமீட்டரில் 7.62 போதாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உடனே ஒருவர் வந்து, 2017இல் கனடா நாட்டு வீரர் 3,540 மீட்டரில் சுட்டது 0.50 கலிபரில்தானே என்று எழுதுவார். ஆம். ஆனால் 2009இல் பிரிட்டன் வீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டரில் சுட்டது .338 லபுவாவில். அது முறியடித்ததோ 2002இல் 0.50 கலிபரில் சுட்ட 2,430 மீட்டர்ச் சாதனையை. அந்த 2002ஆம் ஆண்டு நிகழ்ச்சி நடந்தது ஆப்கானிஸ்தானின் உயர்ந்த மலைப் பள்ளத்தாக்கில், காற்று மெலிந்த இடத்தில். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லடாக்கில் சரிபார்த்த துப்பாக்கியைச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் குண்டு தாழ விழுவதை நாங்கள் ஒவ்வொரு இடமாற்றத்திலும் கண்டிருக்கிறோம். சாதனைகளை நான் சிறுமைப்படுத்தவில்லை. அவற்றை எண்ணிப் பார்த்து ஆயுதம் தேர்ந்தெடுப்பவர் எந்தப் படையிலும் இல்லை. முதல் குண்டிலேயே எத்தனை முறை விழுகிறது என்றே கேட்பார்கள்.

துப்பாக்கி என்று எழுதத் தொடங்கினால் எங்கள் ஊர் நிலவரத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 முதல் கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் இருக்கிறது. சுட வேண்டியவர்கள் உரிமம் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள். தேர்தல் வந்தால் எங்கள் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றிகள் மட்டும் தேர்தலுக்காகக் கடலைக்காட்டை விட்டுப் போவதில்லை. இதற்கிடையில் ஓர் அலுவலகத்தில் என் படைப்பணிச் சான்றிதழில் கோயம்புத்தூர் முகவரி இருக்கிறது என்று உரிமப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்தார்கள். எல்லையோரத்தில் வாழ்பவனுக்குச் சான்றிதழ் ஒரு மாநிலத்திலும் சாப்பாடு மற்றொரு மாநிலத்திலும் இருப்பது அவர்களுக்குப் புதிதா? பெரிய துப்பாக்கி இருந்தால் தொலைவிலேயே பன்றியை வீழ்த்திவிடலாமே என்று அங்கேயும் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். .30-06 குண்டு தடுப்பில்லாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். எங்கள் பக்கம் தட்டையான நிலம்; பன்றிக்குப் பின்னால் எப்போதும் ஒரு வீடு இருக்கும். அதனால்தான் மொட்டைமுனைக் குண்டுள்ள .315 துப்பாக்கியோடு, மண்வரப்பு பின்னால் இருக்கும் இடமாகப் பார்த்து, அருகில் சென்று சுடுகிறோம்.

தங்களுக்கு இதில் உண்மையான ஆர்வம் இருந்தால், 0.50 கலிபரை மறந்துவிடுங்கள். தனியாருக்கு அது இந்தியாவில் கிடைக்காது, படைக்குரிய .303ம் 7.62 மில்லிமீட்டரும் அப்படியே. மாவட்டத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்கி, பிறகு .22க்குப் போங்கள். மெதுவாகச் செல்லும் அந்தச் சிறிய ஈயக்குண்டை 100 மீட்டருக்குச் சுட்டால், மேலே சொன்ன அதே 16 கிலோமீட்டர்க் காற்றில் 10 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். காற்றைப் படிக்கப் பழகுவதற்கு அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. சங்கத்தில் பக்கக் காற்றுள்ள திறந்தவெளித் தளம் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் மட்டுமே சுடப் பழகியவர்களை வெளியே கொண்டுவந்து நிறுத்திப் பயிற்சி கொடுப்பது மிகுந்த சிரமம்.