தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் தலைமைச் சண்டையில் பொது ஓய்வூதிய நிதியம் வாக்களிக்கலாமா? ஒதுங்கி இருப்பதுதானே நடுநிலை?

வாக்களிக்க வேண்டும் என்பதுதான் என் பதில். பங்குதாரர் கூட்டத்தில் பெரிய பங்குதாரர் ஒருவர் ஒதுங்கினால், அதுவும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் முடியும். தென் கொரியாவின் தேசிய ஓய்வூதிய நிதியத்தை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று புரியும்.

2019 மார்ச் 27 அன்று கொரியன் ஏர் விமான நிறுவனத்தின் பங்குதாரர்கள் கூடினார்கள். தலைவர் சோ யாங்-ஹோ இயக்குநராகத் தொடரலாமா என்பது தீர்மானம். அவர்மீது கையாடல், நம்பிக்கை மோசடி வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. அவருடைய மூத்த மகள் சோ ஹியூன்-ஆ, கொறிக்கும் பருப்பைப் பரிமாறிய விதம் பிடிக்கவில்லை என்று 2014இல் நியூயார்க்கில் புறப்பட்ட விமானத்தையே திரும்பச் செய்தவர். அந்த நிறுவன விதிப்படி, கூட்டத்துக்கு வந்த பங்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சோ யாங்-ஹோவுக்குக் கிடைத்தது 64.1 சதவீதம். 11.56 சதவீதப் பங்கு வைத்திருந்த ஓய்வூதிய நிதியம் எதிர்த்து வாக்களித்திருந்தது. கொரியப் பெருங்குழுமம் ஒன்றின் தலைவர் பங்குதாரர் வாக்கால் பதவி இழந்தது அதுவே முதல் முறை.

இப்போது கணக்குக்கு வருவோம். அன்று வந்திருந்தவை மொத்தப் பங்குகளில் சுமார் 74 சதவீதம். நிதியம் கூட்டத்துக்கே வராமல் இருந்திருந்தால் சோவுக்கான ஆதரவு ஏறக்குறைய 76 சதவீதமாகியிருக்கும்; சுலபமாக ஜெயித்திருப்பார். அதே நிதியம் வந்து, எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்தால் தோற்றிருப்பார், ஏனென்றால் வந்த பங்குகளை வைத்துத்தான் மூன்றில் இரண்டு கணக்கிடப்படுகிறது. இந்த இரண்டில் எதை நடுநிலை என்பீர்கள்?

எதிர்த்தரப்பின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஓய்வூதிய சோசலிசம்’ என்றே கொரியாவில் இதை விமர்சித்தார்கள். மக்கள் பணத்தை வைத்து அரசாங்கம் தனியார் நிறுவனங்களை ஆட்டிவைக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் அப்படி ஒரு தலையீடு உண்மையிலேயே நடந்தபோது, அது ஒரு பெருங்குழுமத்துக்குச் சாதகமாகத்தான் நடந்தது.

2015 ஜூலையில் சாம்சங் சி அண்ட் டி நிறுவனத்தை செய்ல் இண்டஸ்ட்ரீஸுடன் இணைக்கும் தீர்மானம் வந்தது. மேலுக்கு இது ஒரு இணைப்பு. உள்ளே, குழுமத்தின் மீது வாரிசு லீ ஜே-யோங்கின் பிடியை உறுதியாக்கும் ஏற்பாடு. சி அண்ட் டி பங்கு ஒன்றுக்கு செய்ல் பங்கு 0.35 என்ற விகிதம் மிகக் குறைவு என்று அமெரிக்க முதலீட்டு நிறுவனம் எலியட் எதிர்த்தது. வாக்கு ஆலோசனை நிறுவனங்களும் வேண்டாம் என்றன. சுமார் 11 சதவீதம் வைத்திருந்த ஓய்வூதிய நிதியம் ஆதரித்தது, தீர்மானம் 69.53 சதவீதத்தில் தேறியது. நிதியம் எதிர்த்திருந்தால் நிச்சயம் விழுந்திருக்கும். இவ்வளவு பெரிய முடிவை வெளி நிபுணர் குழுவிடம் கொண்டுபோகாமல், உள்ளேயே இருந்த முதலீட்டுக் குழுவில் முடித்துவிட்டார்கள். நிதியத்துக்கு அழுத்தம் கொடுத்த அன்றைய சுகாதார அமைச்சர் மூன் ஹியுங்-பியோவும், நிதியத்தின் முதலீட்டுத் தலைவரும் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஓய்வூதியத்துக்காக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் ஒருவரின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கு இது ஆறவே ஆறாது. அது அவருடைய பணம். அவர் நலனைக் கேட்க அந்த அறையில் யாரும் இல்லை.

அதனால் நான் பார்ப்பது எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதைவிட, யார் முடிவெடுத்தார்கள், காரணத்தை வெளியே சொன்னார்களா என்பதைத்தான். 2018இல் கொரிய நிதியம் பங்குதாரர் பொறுப்புக்கான நெறிமுறையை ஏற்றது. சோ விஷயத்தில் வெளி உறுப்பினர்கள் கொண்ட குழு இரண்டு நாள் விவாதித்து, கூட்டத்துக்கு முந்தைய நாளே முடிவை அறிவித்தது. மறு ஆண்டு தாய் நிறுவனமான ‘ஹன்ஜின் கால்’ (Hanjin KAL) நிறுவனத்தில் அக்கா சோ ஹியூன்-ஆவும் தம்பி சோ வொன்-டேவும் தலைமைக்காக மோதினார்கள். அப்போது நிதியம் தம்பியை ஆதரித்தது. கையில் இருந்தது 3 சதவீதத்துக்கும் குறைவு, அது முடிவை மாற்றவில்லை. முந்தைய ஆண்டு தந்தையை எதிர்த்தவர்கள் இப்போது மகனை ஆதரித்ததால், நிதியத்துக்கு அந்தக் குடும்பத்தின் மீதே பகை என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல் போனது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் கால்பெர்ஸ் நிதியம் 2004இல் டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு ஆதரவு தர மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்தது. 43 சதவீத வாக்குகள் அவருக்குக் கிடைக்காமல் போயின. அவர் தோற்கவில்லை, ஆனாலும் அன்றிரவே இயக்குநர் குழு தலைவர் பதவியை அவரிடமிருந்து எடுத்து ஜார்ஜ் மிட்செலிடம் கொடுத்தது.

கொரியாவில் ஒரு குறை இன்னும் தீரவில்லை. நிதியத்தின் உச்ச மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் சுகாதார அமைச்சர்தான். 2015க்குப் பிறகும் அந்த நாற்காலியை அமைச்சரிடமே விட்டுவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.