செருப்பு கழண்டதே தெரியலையா? சுகர் பாதம்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 67 வயசு, சுகர் வந்து இருபது வருஷமாச்சு. இப்போ நடக்கும்போது தள்ளாடுறாரு, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குன்னு சொல்றாரு. போன மாசம் ஒரு கால் செருப்பு கழண்டு தெருவுலயே கிடக்க, இவரு வீடு வரைக்கும் வந்துட்டாரு. பெருவிரலுக்குக் கீழ ஆணி மாதிரி தடிச்சிருக்கு. அளவெடுத்து இன்சோல், அதாவது ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில வைக்கிற மெத்தை, செஞ்சு போடணும்னு சொல்றாங்க. மெடிக்கல் ஷாப்ல விக்கிற ஜெல் இன்சோல் போதாதா? போட்டா தள்ளாட்டம் நிக்குமா?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: செருப்பு கழண்டது தெரியலன்னு எழுதியிருக்கீங்களே, உங்க லெட்டர்லயே முக்கியமான வரி அதுதாம்மா. கால் நரம்பு நல்லாவே மரத்துப்போச்சுன்னு அர்த்தம். முதல்ல 10 கிராம் மோனோஃபிலமென்ட் டெஸ்ட், அதாவது மெல்லிசா ஒரு நைலான் இழைய பாதத்துல அழுத்தி தெரியுதான்னு கேப்பாங்க, அதையும் கால்ல ரத்த ஓட்டத்தையும் பாத்துடுங்க.

நாம தள்ளாடாம நிக்கிறதுக்கு கண்ணு, உள்காது, பாதம் மூணும் சேர்ந்து மூளைக்கு தகவல் சொல்லிட்டே இருக்கணும். பாதம் சொல்றது நின்னுபோனா மனுஷன் கண்ண நம்பித்தான் நடப்பாரு, அதனாலதான் ராத்திரி கரண்ட் போனா, இல்ல முகத்துக்கு சோப்பு போட்டு கண்ண மூடினா டக்குன்னு சாயும். அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, அப்படித்தான் இருக்கும்.

இப்போ இன்சோலுக்கு வரேன். நரம்பு போனா பாதத்துல இருக்குற சின்ன தசைகளும் மெலிஞ்சு விரல்லாம் மடங்கிக்கும், விரல் அடியில இருக்குற எலும்பு முனை கீழ துருத்திக்கிட்டு வரும், மெத்தையா இருக்குற கொழுப்பு முன்னாடி நகந்துடும், அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் மொத்த பாரமும் அந்த ஒரே இடத்துல தான். நீங்க சொல்ற தடிப்பு அப்படி வந்ததுதான். அது அடியில ரத்தம் கட்டி புண்ணாகும், வலிக்காததால யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு வீட்ல பிளேடு வெச்சு சீவாதீங்க, கார்ன் பிளாஸ்டரும் ஒட்டாதீங்க, அதுல ஆசிட் இருக்கு.

அளவெடுத்து செய்யுற இன்சோல், பாதத்தோட வளைவு முழுக்க ஒட்டி உக்காரும், அதனால ஒரே இடத்துல விழுற பாரம் பாதம் முழுக்கப் பிரியும். துருத்துற எலும்புக்கு கொஞ்சம் பின்னாடி சின்னதா ஒரு மேடு வைப்பாங்க. ஷூவுக்குள்ள அழுத்தம் எந்த இடத்துலயும் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழ இருக்கணும்ங்கிறது குறி, அதை அளக்க சென்சார் ஷீட் இருக்கு, வசதி இருக்குற இடத்துல அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்க. கடையில விக்கிற ஜெல், எல்லார் காலுக்கும் ஒரே வடிவம், அப்பா காலோட வளைவுக்கும் மேட்டுக்கும் பொருந்தாது.

தள்ளாட்டம் நிக்குமான்னு கேட்டீங்க. இன்சோல் போட்டதுனால போன உணர்ச்சி திரும்பி வராது. புண்ணு வராம காக்கத்தான் அது. சிலருக்கு நிக்கிறதுல கொஞ்சம் பிடிமானம் கூடும், அவ்வளவுதான். ஆனா ரொம்ப மெத்து மெத்துன்னு தடியா போட்டா தள்ளாட்டம் இன்னும் கூடும், இருக்குற கொஞ்சநஞ்ச உணர்ச்சியும் அந்த ஸ்பாஞ்சுலயே அமுங்கிடும். அதனால மேல மெத்துன்னு ஒரு லேயர், அடியில ஈ.வி.ஏன்னு சொல்ற கெட்டியான ஃபோம், இப்படி செய்யச் சொல்லுங்க. இன்சோல் உள்ள போனா இடம் பத்தாது, ஆழமான ஷூவும் சேர்த்து வாங்கணும், இல்லன்னா மேல விரல் உரசி அங்க புண்ணு வரும்.

தள்ளாட்டத்துக்கு பிசியோதெரபி தான் கை கொடுக்கும். கூடவே ரத்தத்துல வைட்டமின் பி12 பாருங்க, மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு அது குறையலாம். எழுந்து நின்னதும் பி.பி இறங்குதான்னும் பாக்கணும்.

புதுசு போட்டதும் முதல் வாரம் தினம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் மட்டும், கழட்டினதும் சிவந்திருக்கான்னு நீங்களே பாருங்க. வீட்டுக்குள்ளயும் வெறுங்கால்ல நடக்க விடாதீங்க, உள்ள போட தனியா ஒரு ஜோடி வெச்சிடுங்க.

கேள்வி: சுகர் காலுக்கு எம்.சி.ஆர் செருப்பு, அதாவது மைக்ரோசெல்லுலார்ங்கிற மெத்து ரப்பர்ல செஞ்ச செருப்பு, போடச் சொன்னாங்க. அது தொழுநோய்க்காரங்க போடுறது, பாத்தா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு என் வீட்டுக்காரர் போட மாட்டேங்குறாரு.
— வாசகி, ஆம்பூர்

பதில்: அவரு சங்கடம் புரியுதும்மா. ஆனா உங்க பக்கத்து ஊர் சமாச்சாரம் இது. 1946ல வேலூர் சி.எம்.சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிங்க கால் அழியறது கிருமியால இல்ல, மரத்துப்போன கால்ல திரும்பத் திரும்ப அடி படறதாலதான்னு கண்டு சொன்னாரு. அந்தப் பாடம்தான் அப்புறம் அமெரிக்காவுல சுகர் நோயாளிங்களுக்கும் உதவுச்சு. ரெண்டுலயும் நரம்பு மரத்துப்போகுது, அதான் ஒரே ரப்பர். இப்போ பிரவுன் லெதர்ல, பின்பட்டை வெச்சு, பாத்தா சாதாரண சாண்டல் மாதிரியே தெச்சுத் தராங்க. அப்படிக் கேட்டு வாங்குங்க. பெருவிரல் வார் மட்டும் வேண்டாம், விரலிடுக்குல அறுக்கும், நடக்கும்போது கழண்டும் போகும்.

கேள்வி: பொருட்காட்சியில வாங்கின அக்குபிரஷர் செருப்பு சுகர் காலுக்கு நல்லதா?
— வாசகர், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாங்க. மரத்த கால்ல அந்த முள்ளு குத்துறது தெரியாது, தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தாலும் தெரியாது. இதுவரைக்கும் போட்டு நடந்திருந்தா இன்னைக்கே ஒரு கண்ணாடிய தரையில வெச்சு பாதத்தோட அடிப்பக்கத்த பாருங்க, சிவப்போ கொப்புளமோ இருந்தா நாளைக்குன்னு தள்ளாம டாக்டர்கிட்ட காட்டுங்க.