பாய்ப்படகு: வாங்குவதற்கு முன் கேட்டவை

அண்ணை, ஐரோப்பாவிலிருந்து வந்த 32 அடிப் பாய்ப்படகு ஒன்று விலைக்கு நிற்கிறது. தீவுப்பகுதியில் ஓட நல்லதா? (ஊர்காவற்றுறை)

நீளத்தை விடுங்கள் தம்பி, அது தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கும் என்று கேட்டீர்களா? அந்த அளவுப் படகின் ஏரா, அதாவது அடியில் நீளும் கட்டை, பெரும்பாலும் ஒன்றரை மீற்றர் அளவுக்கு இறங்கும். நம் பரவைக்கடலில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். தரை தட்டினால் பெருக்கு வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை.

ஏராப்பலகையைத் தூக்கி இறக்கக்கூடிய படகு, அல்லது இரட்டை உடல் படகு, இந்தத் தண்ணீருக்குப் பொருந்தும். என் விருப்பம் முதலாவது. இரட்டை உடல் படகு அவ்வளவாகச் சாயாது, குடும்பத்தோடு போக நல்ல வசதி. ஆனால் சாயாததாலேயே காற்று மிஞ்சுவது உடம்புக்குத் தெரியாது. கவிழ்ந்தால் தானாக நிமிரவும் மாட்டாது. தூக்கு பலகைப் படகிலும் அடியில் ஈயமோ இரும்போ போதிய பாரம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். சாய்ந்த படகை நிமிர்த்துவது அந்தப் பாரம்தான்.

காற்று கூடினால் எப்போது பாயைச் சுருக்குவது?

நீங்கள் நினைப்பதற்கு முன்னமே. காற்றின் வேகம் 10 நொட்டிலிருந்து (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) 20 ஆனால் பாயில் விழும் விசை இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அந்த நேரம் ஆடுகிற தட்டில் நின்று கயிறு இழுப்பது பெரும்பாடு. கரையில் வைத்தே இரண்டு மூன்று தடவை சுருக்கிப் பழகுங்கள்.

எந்த மாதம் பழகத் தொடங்கலாம்?

மார்ச், ஏப்ரல். வாடை ஓய்ந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிடிக்கும் முன் உள்ள இடைவெளி அது. பின்னேரத்து இடிமழையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பாய்மரத்தின் உச்சிதான் கடலில் உயரமான பொருள். நவம்பர், டிசம்பரில் வேண்டாம். 1964 டிசம்பரில் இலங்கையின் வடக்கைத் தாக்கிவிட்டு தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தக் கடலில்தான் போனது.

ஐயா, வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல் அமெரிக்கா போனது உண்மையா? (மாணவி)

உண்மை பிள்ளை. அன்னபூரணி. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார், நம்மூர் மாலுமிகளே ஓட்டிப்போய் 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

படகில் சமையலுக்குக் காஸ் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பயப்பட்டுக்கொண்டு வையுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் வீட்டில் கதவால் போகலாம். படகில் அடித்தளத்தில் போய்த் தேங்கி, எஞ்சினைத் தட்டும்போது ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரை வெளியே, கசிவு கடலுக்கு வடியும் பெட்டியில் வையுங்கள். சமைத்து முடிந்ததும் அடுப்பில் மட்டுமில்லை, சிலிண்டரிலும் பூட்டுங்கள். கடலில் நான் ஆசைப்படுவது கஞ்சிதான், ஒரு சட்டியோடு வேலை முடியும்.

இரவில் ஓடலாமா அக்கா?

அக்கா இல்லை, அண்ணை! புதியவர்கள் ஓடாதீர்கள். விளக்கில்லாத வள்ளங்களும் வலைகளும் நிறைய; வலை எஞ்சின் விசிறியில் சுற்றினால் இருட்டில் யாராவது இறங்கித்தான் அறுக்கவேண்டும். பகலிலும் ரேடியோ, ஆபத்தில் அழைக்கும் 16ஆம் சனலில் திறந்திருக்கட்டும், உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கட்டும், பெட்டிக்குள் இல்லை. மேற்கே போகிறவர்கள் 1974இல் குறித்த இந்திய எல்லைக்கோட்டை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். தவறிக் கடந்தால் காற்று தள்ளிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

சத்தி வருகிறதே, என்ன செய்வது?

குளிசையை ஏறும் முன்னம் போடவேண்டும், சத்தி தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வரும். உள்ளே போய்ப் படுக்காமல் மேலே இருந்து அடிவானத்தைப் பாருங்கள். சுக்கானைக் கையில் கொடுத்தால் பாதிப்பேருக்கு நின்றுவிடும். மற்றவர்களுக்கு ஒரு வாளியும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் குனியாத புத்தியும்.