மறுபடி கிட்டார் வாசிக்கப் போகிறேன், குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது?

கல்லூரியோடு கிட்டாரை மூட்டை கட்டிவிட்டுப் பல வருஷம் கழித்துத் திரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, 'ஆக்‌ஷனை'. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அது. உயரம் கூடினால் கம்பியை அதிக தூரம் அழுத்த வேண்டும். காய்ப்பு மறைந்துபோன விரல் நுனி பத்தே நிமிடத்தில் எரியும். அழுத்துகையில் கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். சீட் உயரம் சரியில்லாத சைக்கிளை அவிநாசி ரோட்டில் மிதிப்பது போல: வண்டி நல்லதுதான், முட்டிதான் கேட்காது.

கோயம்புத்தூரில் கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள் (கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டுமுங்க). ஸ்டீல் கம்பிக் கிட்டார் என்றால், 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பி சுமார் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் சரி. 4-ஐத் தொட்டால் வேண்டாம். சற்றே கூடுதல் என்றால் சேடிலின் (உடம்புப் பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு கட்டை) அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைக்கலாம். கம்பியின் தடிமனும் 12 கேஜுக்குப் பதில் 10 அல்லது 11 போட்டாலும் விரலுக்குச் சுகம். மேல்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் தப்பில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலை அது நன்றாகவே தாங்கும்.

அப்புறம், வலி குறைய ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் நைலான் கம்பி மாட்டச் சொல்வார்கள். மாட்டாதீர்கள். நைலானின் இழுவிசை குறைவு. அந்தப் பலகை அதற்குச் சரியாக அதிராது, சத்தம் மொக்கையாகத்தான் வரும்.