சாவி உள்ளே, கதவு காற்றில் சாத்திக்கொண்டது

செங்கோட்டை வீட்டில் சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்கிறேன், கதவு உள்பக்கம் திறப்பது, எப்படித் திறக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பூட்டை உடைக்க வேண்டாம். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் நடுப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பூட்டுக்கு ஒரு சாண் மேலே, கதவுக்கும் நிலைக்கும் இடையில் அதைச் செருகுங்கள். மறுகையால் கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்து ஆட்டிக்கொண்டே துண்டைக் கீழே இறக்குங்கள். பூட்டிலிருந்து நிலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கின் சரிவில் துண்டு பட்டதும் நாக்கு வழுக்கி உள்ளே போகும். அந்த நொடியில் கதவைத் தள்ளுங்கள். நீங்கள் சொன்னதுபோல் உள்பக்கம் திறக்கும் கதவுக்கு இதுதான் வழி. பொறுமை வேண்டும், பத்து முறையாவது நழுவும்.

செங்கோட்டை என்கிறீர்கள். ஜூன், ஜூலையில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று கதவை அடித்துச் சாத்துவதோடு, சாரலில் மரமும் உப்பிவிடுகிறது. முதலில் கதவின் மேல்மூலையையும் கீழ்மூலையையும் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் நாக்கு மட்டுமே பிடித்திருக்கிறது. அசையாவிட்டால் மரமும் இறுகியிருக்கிறது; நாக்கு விலகிய பிறகு முழங்காலால் அடிப்பக்கத்தை நெம்பித் தள்ள வேண்டியிருக்கும்.

சாவியால் திருப்பிப் பூட்டியிருந்தால் இது பலிக்காது. அந்த நாக்குக்குச் சரிவு கிடையாது, பூட்டு ஆசாரியை அழைத்துவிடுங்கள்.

சாவித் துளையில் தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். எங்கள் பின்கதவுப் பூட்டில் அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. திறந்த பிறகு பென்சில் கரித்தூள் போடுங்கள், போதும்.