‘பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும்’ என்பது சரியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பெண் பூனை ஒன்று வளர்கிறது. ஆரோக்கியமாக இருக்கிறது; ஓடி விளையாடுகிறது, மாடிப்படியில் பல்லி பிடிக்கிறது, பசியிலும் குறைவில்லை. ஆனால் மூன்று மாதங்களாக வாரத்தில் இரண்டு மூன்று முறை வாந்தி எடுக்கிறது. சில நாள் தின்ற தீனி அப்படியே வருகிறது. சில நாள் விடியற்காலையில் மஞ்சள் நுரை மட்டும் வருகிறது. எப்போதாவது முடிச் சுருளும் வரும். காலையில் கடையில் வாங்கும் உலர்தீனியும் மாலையில் மீனும் சோறும் கொடுக்கிறோம். அண்மையில் இரண்டாவது பூனை ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள், “பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும், விடு” என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, மொகல் தெரு, ரங்கூன்

பதில்: பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அம்மா. பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. உடலை நக்கும்போது அந்த முட்களில் சிக்கும் முடியைத் துப்ப வழியில்லாததால் பூனை விழுங்கிவிடுகிறது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மிச்சம் இரைப்பையில் திரண்டு எப்போதாவது விரல் போன்ற சுருளாக வெளியே வரும். அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வாரம் மூன்று முறை, அதுவும் மூன்று மாதமாக எடுக்கும் வாந்தியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2013-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நெடுநாள் வாந்தி, மெலிவு போன்ற குறிகளோடு, ஸ்கேனில் சிறுகுடல் தடித்துத் தெரிந்த 100 பூனைகளின் குடல் திசுவை எடுத்துச் சோதித்தபோது 99 பூனைகளுக்கு நோய் இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாட்பட்ட குடலழற்சியும் நிணநீர்ப் புற்றும் ஆகும். உங்கள் பூனைக்கும் அப்படித்தான் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பூனைகளில் பலவற்றின் வீட்டாரும் “பூனையின் சுபாவம்” என்று பல மாதங்கள் பொறுத்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதால் சொல்கிறேன்.

“ஆரோக்கியமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். எடை போட்டுப் பார்த்தீர்களா? பூனை நோயை மறைப்பதில் கெட்டிக்காரப் பிராணி. முடி அடர்ந்த உடம்பில் மெலிவு கண்ணுக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். உங்கள் கடைத்தெருவில் இன்னும் வீசைக் கணக்கில்தானே நிறுக்கிறார்கள்? பூனையை ஒரு மூடிய கூடையில் வைத்துக் காய்கறிக்காரரின் தராசில் நிறுத்து, வெறும் கூடையின் எடையைக் கழித்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. நான்கு கிலோ பூனை கால் வீசை இழந்தால் அதன் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்கு அது சமம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிறுத்து, எடை இறங்காமல் இருந்தால்தான் ‘ஆரோக்கியமான பூனை’ என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்வேன்.

அடுத்ததாக, வெளியே வருவது உண்மையில் வாந்திதானா என்பதைப் பார்க்க வேண்டும். வாந்தி வருமுன் பூனை எச்சில் விழுங்கும், உதட்டை நக்கும், பிறகு வயிறு குலுங்கக் குலுங்க ஓங்கரிக்கும். அப்படி எந்த ஓங்கரிப்பும் இல்லாமல், தின்ற சிறிது நேரத்தில் தலையைத் தாழ்த்தியதும் தீனி நீண்ட குழாய் வடிவில் சரிந்து விழுந்தால், அது இரைப்பைக்குப் போகாமல் உணவுக்குழாயிலிருந்தே திரும்பியது. அதன் காரணங்கள் வேறு. கழுத்தை நீட்டி, உடம்பைத் தரையோடு ஒட்டி, கக்குவது போலச் செய்தும் ஒன்றுமே வராமல் போனால், அது பெரும்பாலும் ஆஸ்துமா இருமலாக இருக்கும். கைபேசியில் ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொண்டால், மருத்துவர் முன் நீங்கள் அரை மணி நேரம் நடித்துக் காட்ட வேண்டிய தேவை இருக்காது.

இனி உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று விதங்களுக்கு வருகிறேன். தின்ற தீனி அப்படியே வருவதும் இரண்டாவது பூனை வந்ததும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை என்பது என் ஊகம். பக்கத்தில் இன்னொரு வாய் இருக்கும்போது பூனை மெல்லாமல் அள்ளி விழுங்கும். உலர்தீனி இரைப்பையில் ஊறிப் பெருத்ததும் மொத்தமாக வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி அறையில், ஒன்றையொன்று பார்க்காதபடி வையுங்கள். ஆழமான கிண்ணத்தை விட்டுவிட்டு அகலமான தட்டில் தீனியைப் பரப்பி வையுங்கள். பூனையின் இரைப்பை சிறியது. எலியும் சிட்டும் பிடித்து வாழும் பூனை ஒரு நாளில் பத்து முறைக்கு மேல் சிறிது சிறிதாகத் தின்னும். நாம் மட்டும் நம் வசதிக்காகக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று வைக்கிறோம். விடியற்காலை மஞ்சள் நுரைக்கும் இந்த இடைவெளி காரணமாகலாம், ஏனென்றால் வெறும் வயிற்றில் பித்த நீர் ஏறினால் அப்படி வரும். ஒரே அளவுத் தீனியை நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து, கடைசிப் பங்கை நீங்கள் படுக்கப் போகும்போது வைத்துப் பாருங்கள். முடிச் சுருள் அடிக்கடி வந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வாலடியில் சீப்பால் வாரிப் பாருங்கள். அரிப்பினால் அதிகம் நக்கும் பூனைதான் அதிக முடியை விழுங்கும்.

தீனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலர்தீனியைச் சாக்கிலிருந்து அள்ளிப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் கடைகளில் வாங்கினால் விலை குறையலாம். ஆனால் மே முதல் அக்டோபர் வரை கொட்டும் உங்கள் ஊர் மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து, கொழுப்புச் சிக்கடித்து, பூசணமும் பிடித்துவிடும். மூடிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் வீட்டில் குளிர்பெட்டியை நம்பி மீனை இரண்டு நாளுக்கு வைக்காதீர்கள். வெளியே வைத்த ஈரத் தீனியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

மீனும் சோறும் மட்டுமே நெடுநாள் கொடுப்பதும் தவறு. டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும் என்பது 1980-களிலேயே உறுதியாகிவிட்டது. சில வகை மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். அந்தக் குறைவின் முதல் அடையாளங்களில் பசியின்மையும் வாந்தியும் உண்டு. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சாற்றைச் சோற்றில் பிசைந்து போடுவது பூனையின் ரத்த அணுக்களையே உடைக்கும். ஙப்பி என்னும் பர்மிய உப்புமீன் விழுது கலந்தது வேண்டவே வேண்டாம். அத்தனை உப்பு அந்தச் சிறு உடம்புக்கு ஆகாது.

பல்லியை நீங்கள் பூனையின் சுறுசுறுப்புக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த வரியில்தான் கண் நின்றது. வெப்ப நாடுகளில் பல்லி, ஓணான் ஆகியவற்றைத் தின்னும் பூனைகளின் பித்தக் குழாய்களில் குடியேறும் தட்டைப்புழு ஒன்று உண்டு. நத்தையிலிருந்து ஈர மண்ணில் வாழும் மரப்பேன் என்னும் சிறு பிராணிக்கும், அதிலிருந்து பல்லிக்கும், பல்லியிலிருந்து பூனைக்கும் அது வருகிறது. சில புழுக்கள் மட்டும் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பெருகினால் வாந்தி, மெலிவு, கடைசியில் மஞ்சள் காமாலை. வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையின் அளவு இதற்குப் போதாது என்பதால், மலப் பரிசோதனையின்போது “பல்லி தின்னும் பூனை” என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான் சொன்ன மாற்றங்களை மூன்று வாரம் செய்து பார்த்து, ஒவ்வொரு வாந்தியையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். வாந்தி நின்றுவிட்டால் நல்லது. குறையாவிட்டாலோ எடை இறங்கினாலோ மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தம், சிறுநீர், மலம் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றும் தெரியாவிட்டால் உணவு ஒவ்வாமையைப் பார்ப்பார்கள். அதற்கு இதுவரை தின்னாத ஓர் இறைச்சியை, வாத்தையோ காடையையோ அடிப்படையாகக் கொண்ட தீனியை மட்டும், வேறு ஒரு துணுக்கும் சேர்க்காமல், எட்டு வாரம்வரை கொடுக்கச் சொல்லலாம். புதுத் தீனிக்கு ஒரே நாளில் மாறாமல் ஏழு முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற வேண்டும்.

மூன்று வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரே நாளில் பல முறை வாந்தி, தண்ணீரும் தங்காமை, வாந்தியில் ரத்தம் அல்லது காப்பித் தூள் நிறம், ஈறு மஞ்சளாதல், ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கொண்டுபோங்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகும். ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வாந்தியோடு, சிறுநீர் கழிக்க முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருந்தால் அது சிறுநீர்க் குழாய் அடைப்பு; அதற்கு மறுநாள் என்ற தவணை கிடையாது.

கேள்வி: ஐயா, வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சாத்திய மல்லிகைச் சரத்தை எங்கள் ஏழு மாதக் குட்டி இழுத்து விளையாடியது. நேற்றிலிருந்து மூன்று முறை வாந்தி. வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் அடியில் நூல் சுற்றியிருக்கிறது. இழுத்து எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், பெகு

பதில்: இந்தக் கடிதத்துக்குக் கிடைத்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம், மற்ற வீடுகளிலும் பூச்சரம் இருப்பதால் இங்கே அச்சிடுகிறோம். இழுக்கவே கூடாது. ஒரு முனை நாக்கடியில் மாட்டியிருக்க, மறு முனை குடலுக்குள் போயிருக்கும். குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கும்போது, சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போலக் குடல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். இறுகிய நூல் குடல் சுவரை அறுத்துவிடும். வெளியே தெரியும் நூலைக் கையால் தொடாமல், தீனி கொடுக்காமல், நேரே அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவரிடம் போக வேண்டும். ஊசி கோத்த தையல் நூல், ரப்பர் வளையம், பட்டாடையின் சரிகை நூல் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். பூவைப் பற்றிப் பேசும்போது, ஜாடியில் வைக்கும் லில்லிப் பூவையும் சொல்ல வேண்டும். அதன் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்யும்; முதலில் தெரிவது வாந்திதான். பூனை உள்ள வீட்டில் அந்தப் பூவையே வாங்காதீர்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பன்னிரண்டு வயது ஆண் பூனை மாதத்தில் நான்கைந்து முறை வாந்தி எடுக்கும். எங்கள் பாட்டி காலத்து வழக்கப்படி ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் புகட்டுகிறோம். மிகவும் சோர்ந்தால் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். மற்றபடி பூனை நன்றாகவே இருக்கிறது. இளமை திரும்பியது போல முன்பைவிட இரு மடங்கு தின்கிறது, இரவெல்லாம் கத்திக்கொண்டு ஓடுகிறது.
– ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: பாராசிட்டமாலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். எண்ணெயை வலுக்கட்டாயமாகப் புகட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் முடியலாம். பால் கொடுப்பதாக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பன்னிரண்டு வயதுப் பூனை இரு மடங்கு தின்று, இரவில் ஓய்வின்றிக் கத்தி, வாந்தியும் எடுத்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தைராய்டு மிகைச் சுரப்பை. 1979-இல் முதன்முதலாகப் பூனைகளில் விவரிக்கப்பட்ட இந்த நோய், இன்று முதிய பூனைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. தின்னும் அளவு கூடியும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்றும் கவனியுங்கள்; அப்படியானால் சிறுநீரகமும் சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். மருத்துவரிடம் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தத்தில் தைராய்டு அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால், மனிதர்களுக்குக் கொடுக்கும் மெத்திமசோல் வகை மாத்திரையே பூனைக்கும் பயன்படுகிறது. அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தை மறுபடியும் சோதித்து அந்த அளவைச் சரிசெய்வார்.